திருப்பாத பக்கங்கள்

மார்ச் 11, திங்கள்

இன்று தலைமையாசிரியர் அறையில் கூட்டம். பத்தாம் வகுப்பில் யார் யார் தேறமாட்டார்கள் என்று பாடவாரியாகக் கேட்டார். கணக்கில் ஒன்பது, ஆங்கிலத்தில் பதினொன்று. தமிழில் பதினான்கு என்று நான் சொன்னதும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"தமிழ்லயே பதினாலு பேரா தமயந்தி டீச்சர்?" என்றார்.

போன வருடம் இரண்டு பேர் தவறியதற்கே மாவட்டக் கூட்டத்தில் என்னை எழுப்பி நிற்க வைத்துக் காரணம் கேட்டார்கள். இந்த முறை பதினான்கு பேர் என்றால் என்னை எங்கே நிற்க வைப்பார்கள்? நடுநிலைப் பள்ளியில் பன்னிரண்டு வருடம் நிம்மதியாக இருந்தேன். பதவி உயர்வு வேண்டும் என்று யார் அழுதார்கள்? நான்தான் அழுதேன்.

மார்ச் 14, வியாழன்

சிறப்பு வகுப்பு தொடங்கிவிட்டது. நெடுவினா, கட்டுரை எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டேன். இந்தப் பதினான்கு பேருக்கும் சின்னச் சின்ன இலக்கணமும் செய்யுள் உறுப்புகளும் மட்டும்தான். அடியிலோ சீரிலோ முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை, கடைசியில் ஒன்றினால் இயைபு. உவமைக்கு "போல" இருக்கும், உருவகத்துக்கு இருக்காது. இரண்டு மதிப்பெண், இரண்டு மதிப்பெண்ணாகச் சேர்த்தாலே முப்பத்தைந்துக்குப் பாதி வழி போய்விடலாம்.

புத்தகத்து உதாரணம் இவர்களுக்கு மனத்தில் நிற்பதில்லை. ஆளுக்கொரு சொந்த உதாரணம் கொண்டுவரச் சொன்னேன். நாகஜோதி எழுந்து, மோனைக்கு, "கல்லுடைக்கும் கையில் காய்ப்பு" என்றாள். அவள் அப்பா ஆண்டிச்சாமி குவாரியில் கல் உடைக்கிறவர்.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல டீச்சர். சும்மா யோசிச்சேன்" என்று சொல்லி, தப்பு செய்தவள் மாதிரி உட்கார்ந்துவிட்டாள்.

அக்காக்காரி பத்தாவதில் தவறியதும் மில்லுக்குப் போனாள். விடுதியிலேயே தங்கி வேலை, வருடத்துக்கு ஒரு தடவை ஊர். இவளும் தவறினால் ஜூன் முதல் தேதி அதே வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். இவளுக்கு நர்சு படிக்க ஆசையாம். மற்ற பாடங்களில் முக்கி முனகி நாற்பது வாங்குகிறாள். தமிழில்தான், மடமடவென்று பேசுகிற பிள்ளை, எழுத உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாமல் பாதியில் நிற்கிறாள்.

மார்ச் 19, செவ்வாய்

மாதிரித் தேர்வில் பார்த்தேன். நெடுவினாவோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் படித்த எதுகை மோனையெல்லாம் மறந்துபோகிறது. அதனால் ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். ஒரு மதிப்பெண் வினாக்களை முதல் பக்கத்தில் வரிசையாக எழுதிவிடு. உடனே விடைத்தாளின் கடைசி மூன்று பக்கங்களைத் திற. தெரிந்த இலக்கணத்தையெல்லாம் மறப்பதற்குள் அங்கே கொட்டிவிடு. பிறகு முன்னால் வந்து மற்றதை நிதானமாக எழுது. மிஞ்சுகிற வெற்றுப் பக்கங்களைப் பென்சிலால் அடித்துவிடு.

"திருத்துறவுங்க பின்னாடி பாப்பாங்களா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான்.

"பாக்காம எப்படிடா மார்க்குப் போடுவாங்க?" என்றேன். விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு நான் இதுவரை போனதே இல்லை. அதை அவனிடம் சொல்லவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

தமிழ்த் தேர்வு முடிந்தது. கேட் வாசலில் நின்றேன். கூட்டத்துக்குள்ளிருந்து நாகஜோதி ஓடிவந்தாள்.

"டீச்சர், நீங்க சொன்ன மாதிரியே பின்னாடி மூணு பக்கமும் எழுதிட்டேன். நடுவுல மிஞ்சுன வெத்துப் பக்கத்த ரூலர் வச்சுக் கோடு போட்டு அடிச்சிட்டு வந்தேன்."

இரண்டு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது. வீட்டுக்கு வந்து ரவா கேசரி கிண்டினேன். என் வீட்டுக்காரர் சௌந்தர் ஒரு வாய் வைத்துவிட்டு, "பரிச்சை எழுதுனது நீயா அதுகளா?" என்றார்.

ஏப்ரல் 15, திங்கள்

விடைத்தாள் திருத்தும் முகாமில் முதல் நாள். இந்த வருடம் என்னையும் போட்டுவிட்டார்கள். ஏழு ஆசிரியருக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு முதன்மைத் தேர்வாளர். எங்கள் மேசைக்குப் பெரியநாயகம் ஐயா. முற்பகலில் பதினைந்து தாள், பிற்பகலில் பதினைந்து. வேறு மாவட்டத்துத் தாள்கள். பெயரும் கிடையாது, பதிவெண்ணும் கிடையாது. எங்கள் பிள்ளைகளின் தாள்கள் எந்த ஊர் மேசையில் கிடக்கின்றனவோ.

பக்கத்தில் ஜெபராணி டீச்சர், பதினெட்டு வருட அனுபவம். முறுக்கு பிழிகிற வேகத்தில் முடிக்கிறார். நான் ஒரு தாளுக்குக் கால் மணி நேரம் எடுத்தேன். ஐயா என் முதுகுக்குப் பின்னால் இரண்டு தடவை செருமினார். மதியத்துக்கு மேல் நானும் வேகம் பிடித்துவிட்டேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

பிற்பகல் கட்டு முடியும் நேரம். ஜெபராணி டீச்சர் மதிப்பெண் போட்டு வைத்திருந்த ஒரு தாளை மின்விசிறிக் காற்று பின்பக்கமாகப் புரட்டியது. கடைசிப் பக்கத்தில் நீல மை.

"இது என்ன டீச்சர்?" என்றேன்.

"ஐயையோ" என்று எடுத்துப் பார்த்தார். இரண்டு குறுவினாக்கள், சரியான விடைகள். "பாத்தியா? அடிச்ச பக்கம் ரெண்டு வந்தா முடிஞ்சதுன்னு வச்சிருவோம். எவ இப்பிடிப் பின்னாடி எழுதச் சொல்லிக் குடுத்தாளோ!" என்று சொல்லிக்கொண்டே நான்கு மதிப்பெண் சேர்த்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

நேற்றிலிருந்து அறுபது தாள் திருத்தியிருக்கிறேன். ஒன்றில்கூடக் கடைசிப் பக்கத்தைத் திருப்பவில்லை. அடித்த பக்கம் வந்ததும் நானும் மூடி வைத்தவள்தான். இருபத்தேழு போட்ட ஒரு தாள் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அதிலும் வெற்றுப் பக்கங்களை ரூலர் வைத்து அடித்திருந்தது.

பயம் அதனால் மட்டும் இல்லை. எங்கோ ஓர் ஊரில் என்னைப்போல ஒருத்தி, நாகஜோதியின் தாளை இப்படித்தான் மூடி வைப்பாள். பதினான்கு பேரின் தாளையும் மூடி வைப்பாள்.

சொன்னால் மெமோ வரும். கட்டி முத்திரை வைத்த கட்டுகளைப் பிரிக்க வேண்டும். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். "எவ சொல்லிக் குடுத்தாளோ" என்று ஜெபராணி டீச்சர் சொன்ன அந்த "எவ" மாதிரி ஒருத்தி நானும்தான் என்று தெரிந்துவிடும். சௌந்தரிடம் கூடச் சொல்லவில்லை. ரசத்தில் உப்பே இல்லை என்றார்.

ஏப்ரல் 17, புதன்

தலைவலி. முப்பது தாள் திருத்தினேன். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 18, வியாழன்

சொல்லிவிட்டேன்.

நேற்று முழுக்க ஒவ்வொரு தாளையும் திருடி மாதிரி பின்னால் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். ஒன்றில் விடை இருந்தது. அதற்குப் பிறகு தூக்கம் ஏது? இன்று காலை ஒன்பதரைக்குப் பெரியநாயகம் ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது போய் நின்றேன்.

"ஐயா, முதல் ரெண்டு நாளு கட்டுல நான் பின்பக்கம் பாக்கல."

"எத்தன தாளும்மா?"

"அறுபதும்தான் ஐயா."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மெமோ வாங்கிப் பழக்கமில்லையா உங்களுக்கு? ஆசையா இருக்கா?" என்றார். அந்த இரண்டு நாள் கட்டு எண்களை எழுதி அவர் முன்னால் வைத்தேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

அவரே எழுந்து போய் முகாம் அலுவலரிடம் பேசிவிட்டு வந்தார். கட்டுகளைப் பிரித்தோம். நான் பயந்த அந்த இருபத்தேழு மதிப்பெண் தாளின் பின்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அந்தப் பிள்ளை உண்மையிலேயே தவறியிருக்கிறது. எனக்கு "அப்பாடா" என்றிருந்தது. ஒரு பிள்ளை தவறியதற்கு அப்பாடாவா என்று அடுத்த நொடியே கூசிப்போனேன். வேறு இரண்டு தாள்களில் விடை இருந்தது. ஐயா பச்சைப் பேனாவால் தம் பெயரையும் போட்டுத் திருத்தினார்.

"அறுபதுல ரெண்டுன்னா மாநிலம் பூரா எத்தன இருக்கும்? யாரு இப்பிடிச் சொல்லிக் குடுக்குறாங்க? உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"ஜெபராணி டீச்சர் தாள் ஒண்ணப் பாத்தேன் ஐயா" என்றேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

பதினொரு மணிக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: எல்லோரும் கடைசிப் பக்கம்வரை திருப்பிப் பார்த்துவிட்டே மதிப்பெண்ணைக் கூட்ட வேண்டும். மற்ற முகாம்களுக்கும் போனில் தகவல் போய்விட்டது என்று ஐயா சொன்னார். மெமோ வரவில்லை. "இதோட விடுங்க. நல்ல வேளை சொன்னீங்க" என்றார்.

நல்ல வேளை. அதையே பிடித்துக்கொண்டு இன்று தூங்கப் பார்க்கிறேன்.

மே 9, வியாழன்

நாளை முடிவு. காலையிலிருந்து மூன்று தடவை அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பாத்திரம் வைக்க மறந்தேன். பால் பொங்கி வழிந்தது. சௌந்தர் பஸ் டிப்போவுக்கு வேலைக்குக் கிளம்பும்போது, "ரிசல்ட்டு பிள்ளைகளுக்குத்தானே?" என்றார். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது.

மே 10, வெள்ளி

பதினான்கு பேரில் பதிமூன்று பேர் தேறிவிட்டார்கள். நாகஜோதி தமிழில் 29.

மற்ற நான்கு பாடங்களிலும் தேறிவிட்டாள். தமிழில் மட்டும் 29.

தலைமையாசிரியர் மேசையைத் தட்டினார். "ஒரே ஒரு புள்ள டீச்சர். தமிழ்ல நூத்துக்கு நூறு போச்சு." எனக்கு அவர் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

மதியம் பிள்ளைகள் இனிப்போடு வந்தார்கள். ஒவ்வொருவரையும் தனியாகப் பிடித்து, பின்பக்கத்தில் எழுதினாயா என்று கேட்டேன். முதலில் மழுப்பினார்கள். அப்புறம் ஒருத்தி சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். எங்களுக்குப் பயமா இருந்துச்சு. வரிசையாவே எழுதிட்டோம். நீங்க சொன்னப்ப தலைய மட்டும் ஆட்டுனோம்."

பதிமூன்று பேரும் என் பேச்சைக் கேட்கவில்லை. தேறிவிட்டார்கள். கேட்டவள் ஒருத்திதான்.

இனிப்பை வாயில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மே 11, சனி

விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம், பிறகு மறுகூட்டல் கேட்கலாம். நகல் வருவதற்கே மாதக் கடைசி ஆகும். மில் வண்டி ஜூன் முதல் தேதி. மறுகூட்டல் முடிவு அதற்கும் பிறகுதான்.

பின்பக்கத்துக் கதையைச் சொல்லாமல், "எதற்கும் விண்ணப்பித்துப் பார்ப்போம்" என்று மட்டும் ஆண்டிச்சாமியிடம் சொன்னால் என்ன? மகள் படிக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். என் வேலைக்கு ஆபத்து இல்லை. நாள் முழுக்க இதையே நினைத்தேன். இப்படியெல்லாம் எனக்கு நினைக்கத் தெரியும் என்பதே இப்போதுதான் தெரிகிறது.

மே 12, ஞாயிறு

போனேன்.

குவாரிக்குப் போகிற மண்பாதையில் வரிசை வீடுகள். நாகஜோதி வாசலில் குத்தவைத்துப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. கன்னம் வீங்கியிருந்தது.

ஆண்டிச்சாமி துண்டை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். "வாங்க டீச்சர். நீங்களும் எம்புட்டோ கத்துக் குடுத்தீக. இவ மண்டையில ஏறல."

"அவ மேல தப்பு இல்லண்ணே" என்றேன். அண்ணே என்று எப்படி வந்தது என்று தெரியவில்லை. பயத்தில் வந்ததுதான். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பின்பக்கத்தில் எழுதச் சொன்னது நான், அங்கே யாரும் திருப்பிப் பார்க்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்டுக்கூடப் பார்க்காமல் சொல்லிக் கொடுத்தேன், இவள் ஒருத்திதான் அப்படியே எழுதினாள்.

என்னை அடிக்கப்போகிறாரோ என்றுகூட நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா நல்லா எழுதிருக்கேன்னுதான் சொல்லுச்சு. நாந்தேன் நம்பல. கைய நீட்டிட்டேன் டீச்சர்."

"நகல் வரட்டும்ணே. அதுவரைக்கும் மில்லுக்கு அனுப்பாதீங்க."

"மில்லு ஏசண்டுக்கு வாக்குக் குடுத்துட்டனே. டீச்சர் வாயால சொன்னாகன்னா அவென் வண்டிய நிப்பாட்டுவானா? புள்ளைய ஒளிச்சு வைக்கத்தான் கத கட்டுறேன்னுவான்." கொஞ்சம் யோசித்தார். "எழுதிக் குடுங்க. உங்க தப்புன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அவென் மூஞ்சிக்கு நேரா நீட்டுறேன்."

எழுத்திலா? அந்தத் தாள் யார் கைக்குப் போகும், எந்த அலுவலகத்தில் போய் உட்காரும் என்று மனசு அடித்துக்கொண்டது. வெயிலில் நடந்து வந்தபோது வராத வியர்வை அப்போது வந்தது. கிளம்பிவிடலாம் என்று எழக்கூடப் போனேன்.

அதற்குள் நாகஜோதி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். நோட்டு என் வகுப்பு நோட்டு. கடைசித் தாளைக் கிழித்துக் கொடுத்தாள்.

வருடா வருடம் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கிறவள் நான். "ஐயா" என்று எழுதியதற்கு மேல் நகரவில்லை. பிறகு எழுதினேன். உங்கள் மகள் நாகஜோதி தேர்வை ஒழுங்காகவே எழுதியிருக்கிறாள். விடைகளைப் பின்பக்கத்தில் எழுதச் சொன்னவள் நான். அதனால் அவை திருத்தப்படாமல் விடுபட்டிருக்கக்கூடும். தவறு என்னுடையது. முடித்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

நாகஜோதி எட்டிப் பார்த்தாள். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை: "எடமும் தேதியும் போடல டீச்சர். அதுக்கு அரையும் அரையும் ஒரு மார்க்கு."

திரும்ப வாங்கிப் போட்டேன். மே 12.

மே 13, திங்கள்

தலைமையாசிரியரிடமும் சொல்லிவிட்டேன். நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "யாராவது எழுதிக் குடுப்பாங்களா டீச்சர்? வாயில சொன்னாப் பத்தாதா? அந்தத் தாள் பேப்பர்காரன் கையில கெடச்சா என்ன ஆகும்?" என்னென்ன ஆகும் என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். ஆனால் நகலுக்கான விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சௌந்தரிடமும் சொன்னேன். டிபன் டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார். "ஒரு மாசமா ரசத்துல உப்பில்லாததுக்குக் காரணம் இதானா?" என்றார். திட்டியிருக்கலாம்.

மே 22, புதன்

ஏஜெண்டு வந்துவிட்டுப் போனானாம். ஆண்டிச்சாமி தாளைக் காட்டியிருக்கிறார். அவன் அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டானாம். இன்று முழுக்க என் போன் அடிக்கிற போதெல்லாம் தூக்கிவாரிப் போடுகிறது.

மே 30, வியாழன்

நகல் வந்துவிட்டது. தலைமையாசிரியர் அறையில் கணினியில் திறந்தோம். நாகஜோதி கதவோரம் நின்றாள். ஆண்டிச்சாமி வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

ஒன்பது பக்கம்வரை சிவப்பு மை. பிறகு வெற்றுப் பக்கங்கள், ரூலர் வைத்து அடித்தவை. கடைசி மூன்று பக்கங்களில் அவள் கையெழுத்து, குண்டு குண்டாக. ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. எதுகை இருந்தது, இயைபு இருந்தது, உருவகம் இருந்தது. மோனைக்குப் புத்தகத்து உதாரணத்தை விட்டுவிட்டு அவளுடையதையே எழுதியிருந்தாள். கல்லுடைக்கும் கையில் காய்ப்பு. எண்ணிப் பார்த்தேன். கறாராகப் போட்டாலும் ஒன்பது மதிப்பெண்.

"முப்பத்தெட்டு!" என்றார் தலைமையாசிரியர். மறுகூட்டலில் இது நிச்சயம் வந்துவிடும் என்று அவரே வெளியே போய் ஆண்டிச்சாமியிடம் சொன்னார். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். வண்டி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னார். நாகஜோதி ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"நான் நீங்க சொன்னபடிதான எழுதுனேன் டீச்சர்?"

"ஆமா. அப்படியேதான் எழுதுன" என்றேன்.

எல்லோரும் போன பிறகு முதல் பக்கத்தை மறுபடியும் திறந்தேன். திருத்தியவரின் கையெழுத்தைப் பட்டை போட்டு மறைத்திருந்தார்கள். தேதியை மறைக்கவில்லை. 17-4, பிற்பகல்.

வீட்டுக்கு வந்து இந்த டைரியைப் புரட்டினேன். பதினாறாம் தேதி மாலையே எனக்குத் தெரியும். பதினெட்டாம் தேதி காலை ஒன்பதரைக்குச் சொன்னேன், பதினொரு மணிக்குள் எல்லா முகாமுக்கும் போன் போய்விட்டது. பதினேழாம் தேதி காலையில் சொல்லியிருந்தால் அன்று பிற்பகல் அந்த மேசையில் ஒருத்தி கடைசிப் பக்கத்தைத் திருப்பியிருப்பாள். இந்தப் பிள்ளை அடி வாங்கியிருக்காது.

அன்றைக்கு நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "தலைவலி. முப்பது தாள் திருத்தினேன். வேறொன்றும் இல்லை."

ஆண்டிச்சாமியிடம் இருக்கிற தாளில் இது இல்லை. அதில் இருப்பது தெரியாமல் செய்த தவறு மட்டும்தான். நாளைக் காலையில் போய் அதைக் கேட்டு வாங்கி, கீழே இன்னும் ஒரு வரி எழுதி, தேதி போட்டுக் கொடுக்க வேண்டும். பேனாவைப் பைக்குள் எடுத்து வைத்துவிட்டேன். போகத்தான் போகிறேன்.